காவிரி சுழற்றிய சக்கரம்

பெங்களூர் ஆற்றங்கரையில் பிறந்த நகரம் அன்று. தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்து குடியேறிய நம்மவர்க்கு முதலில் புதுமையாகத் தோன்றுவது இதுவே. மதுரைக்கு வைகை உண்டு. திருச்சிக்குக் காவிரி உண்டு. நெல்லைக்குப் பொருநை உண்டு. வேலூரில் ஆண்டின் பெரும்பகுதி மணலே தெரிந்தாலும் பாலாறு என்று சொல்லிக்கொள்ள ஒன்று உண்டு. பெங்களூரோ கடல் மட்டத்திற்கு 3,000 அடி உயரத்தில், மேட்டு நிலத்தின் முதுகின்மேல் அமர்ந்திருக்கிறது. இங்குப் பெய்யும் மழை ஒரு பக்கம் வழிந்தால் அர்க்காவதியைச் சேரும். மறுபக்கம் வழிந்தால் தென்பெண்ணையைச் சேரும். ஊருக்குள் ஏரிகள் பல இருந்தன, ஆறு இல்லை.

அத்தகைய ஊரில் 1905ஆம் ஆண்டு முதல் ஓர் ஆற்றின் வலிமையால் விளக்கு எரிந்தது. பின்னர் அவ்வலிமையாலேயே ஆலைகளும் ஓடின. அந்த ஆறு காவிரி. அதன் நீர் ஒரு துளியும் அன்று இந்நகருக்கு வரவில்லை. அதன் வலிமை மட்டும் செம்புக் கம்பியின் வழியே வந்தது. நேயர்களே, அந்த வலிமையைப் பிடித்துத் தந்த சிவசமுத்திரத்து மின் நிலையத்தின் வரலாற்றையே இன்று நாம் காண இருக்கிறோம். அதனை நன்கு உணர வேண்டுமானால், அதற்கு முன்னோடியாகிய நீராலையிலிருந்து தொடங்குவதே முறை.

ஓடும் நீரில் ஒரு சக்கரத்தை நிறுத்தி, அதன் அச்சில் எந்திரக் கல்லைப் பூட்டி மாவரைக்கும் வழக்கம் ஈராயிரம் ஆண்டுப் பழைமை உடையது. உரோமாபுரியில் வாழ்ந்த விட்ருவியஸ் என்னும் கட்டடக்கலை வல்லுநர் கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே தமது நூலில் இச்சக்கரத்தை வருணித்திருக்கிறார். 1086ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் முதலாம் வில்லியம் மன்னர் எடுத்த நிலக்கணக்கில் ஏறத்தாழ 6,000 ஆலைகள் பதிவாகியுள்ளன. நம் நாட்டிலும் இமயமலைச் சரிவுகளில் சிற்றோடைகளின் மேல் சிறு குடில் அமைத்து, அதனுள் கோதுமை அரைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. கராட் என்பது அங்கே அதற்கு வழங்கும் பெயர். அவுரங்காபாத் என்று நெடுங்காலம் வழங்கிய தக்காண நகரில், பாபா ஷா முசாபிர் என்னும் பெரியாரின் தர்காவை ஒட்டி 18ஆம் நூற்றாண்டில் அமைந்த பன்சக்கி என்னும் நீராலையை இன்றும் காணலாம். தொலைவிலுள்ள குன்றுகளிலிருந்து மண்குழாய் வழியே கொணர்ந்த நீர், அங்கே வந்து தங்கிய ஏழைகளுக்கும் யாத்திரிகர்களுக்கும் மாவரைத்துக் கொடுத்தது.

தமிழ்நாட்டில் இக்கருவி பரவவில்லை. நம் முன்னோர்க்கு அறிவு போதவில்லை என்று இதற்குக் காரணம் சொல்வாரும் உளர். அது பொருந்தாக் கூற்று. நம் ஆறுகளிற் பல சில திங்களே ஓடுவன. நம் உணவோ சோறு. நெல்லைக் குற்ற உரலும் உலக்கையும் வீட்டுக்கு வீடு இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் உழவனுக்குத் தேவைப்பட்டது கீழே கிடக்கும் நீரை மேலே கொண்டுவருவது. ஆகவே அவன் ஏற்றமும் கவலையும் கண்டான். நீரிடம் வேலை வாங்கும் நிலை அவனுக்கு வாய்க்கவில்லை; நீருக்காக அவனும் அவன் மாடுகளும் உழைத்தார்கள்.

நீராலைக்கு ஒரு கட்டாயம் உண்டு. ஆலை நீரைத் தேடிப் போக வேண்டும்; நீர் ஆலையைத் தேடி வராது. 1771ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஆர்க்ரைட் என்பவர் இங்கிலாந்தில் கிராம்போர்டு என்னும் சிற்றூரில் நீரால் இயங்கும் நூற்பாலையைத் தொடங்கியபோது, அங்கே போதிய தொழிலாளர் இல்லை. ஆகவே வீடுகளைக் கட்டி, குடும்பம் குடும்பமாக மக்களை அந்தப் பள்ளத்தாக்கிற்கு வரவழைத்தார். உலகின் தொழிற்சாலைக் குடியிருப்புகளுக்கெல்லாம் ஒரு வகையில் அதுவே தாய் எனலாம். அந்த ஆலையையும் அதை அடுத்த பள்ளத்தாக்கையும் 2001ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

பின்னர் நீராவி இயந்திரம் வந்தது. ஆலை ஆற்றைவிட்டு நகருக்குப் பெயர்ந்தது. ஆயினும் நீராவிக்கு நிலக்கரி வேண்டும். தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் அந்நாளில் நிலக்கரி இல்லை. வெகு தொலைவிலிருந்து கப்பலிலும் ரயிலிலும் வரவேண்டும். ஆதலால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மேலைநாட்டினர் நீரைவிட்டு நீராவிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், நம் பக்கத்தில் ஆலை கட்டியவர்கள் அருவிகளைத் தேடலாயினர்.

இதற்கு நல்ல சான்று நெல்லை மாவட்டத்துப் பாபநாசம். பொதிகையினின்று இறங்கும் தாமிரபரணி சமவெளியைத் தொடும் இடம் அது. ஆண்டு முழுவதும் நீர் வற்றாதது, இறக்கமும் உண்டு. ஹார்வி சகோதரர்கள் 1885ஆம் ஆண்டில் அங்கே நூற்பாலை ஒன்றை நிறுவினர். ஆற்று நீர் டர்பைன் என்னும் சுழலியைச் சுழற்றும். சுழலியின் விசை நீண்ட இரும்பு அச்சுகளிலும் தோல்வார்களிலும் ஏறி ஆலையின் கதிர்களை எல்லாம் ஓட்டும். ஆலை நீரை நாடிப் போனது போலவே மக்களும் ஆலையை நாடிப் போயினர்; அதன் அருகிலுள்ள விக்கிரமசிங்கபுரம் ஆலைத் தொழிலாளர் ஊராக வளர்ந்தது. இதே கம்பெனியார் தூத்துக்குடியில் நடத்திய கோரல் மில்லில்தான் 1908ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரனார் முன்னின்ற பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. கர்நாடகத்தின் வடபகுதியிலும் இத்தகைய முயற்சி ஒன்று உண்டு. பெல்காம் பகுதியில் கடப்பிரபா ஆறு ஏறத்தாழ 170 அடி உயரத்திலிருந்து விழும் கோகாக் அருவியின் தலைமாட்டில், 1880களில் நூற்பாலை எழுந்தது. அருவியின் பெயரே ஆலையின் பெயரும் ஆயிற்று.

இவையெல்லாம் அருவிக்கு அருகிலேயே கட்டுண்டு கிடந்த ஆலைகள். அந்தக் கட்டு அறுந்த இடம் சிவசமுத்திரம்.

மைசூர் மேட்டு நிலத்தினின்று தமிழ்நாட்டை நோக்கி இறங்குமுன் காவிரி இரண்டு கிளையாகப் பிரிந்து ஒரு தீவை அணைத்துக்கொள்கிறது. அத்தீவே சிவசமுத்திரம். மேற்குக் கிளை ககனசுக்கி என்னும் அருவியாகவும் கிழக்குக் கிளை பரசுக்கி என்னும் அருவியாகவும் விழுகின்றன. தீவில் அரங்கநாதர் கோயில் ஒன்று உண்டு. சீரங்கப்பட்டணத்தில் ஆதிரங்கம், இங்கே மத்தியரங்கம், நம் திருவரங்கத்தில் அந்தியரங்கம் என்று வைணவர் வழங்குவர். காவிரியின் இரு கிளைகளுக்கு நடுவே அரங்கன் பள்ளிகொண்ட தலங்களுள் இது நடுவிலுள்ளது.

இன்னொரு செய்தியும் நம்மவர் அறிய வேண்டுவது. இத்தீவும் இதன் கிழக்கேயுள்ள கொள்ளேகாலம் தாலுகாவும் 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தன. மேற்குக் கரை மைசூர் சமஸ்தானம். தீவும் கிழக்குக் கரையும் சென்னை மாகாணம். இரு கரைகளுக்கும் இடையே போக்குவரத்து அறுந்து கிடந்த காலத்தில், பழைய கற்பாலங்களைச் செப்பனிட்டும் புதுக்கியும் தந்தவர் இராமசாமி முதலியார் என்னும் தமிழர். மைசூரிலிருந்த ஆங்கிலேயப் பிரதிநிதியின் அலுவலில் இருந்தவர் அவர். 19ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில் அவர் செய்த அப்பணிக்காக ஆங்கில அரசினர் அவரை ஜன உபகாரி என்று பாராட்டிச் சில ஊர்களை ஜாகீராக வழங்கினர். ஆற்றுக்குள் வரிசை வரிசையாக நட்ட கற்றூண்களின்மேல் பாவுகற்களைக் கிடத்திக் கட்டிய பாலங்கள் அவை. அவற்றுள் வெல்லெஸ்லி பாலம் என்பதைத்தான் மக்கள் வெஸ்லி பாலம் என்று அழைக்கின்றனர். 2018ஆம் ஆண்டு வந்த காவிரி வெள்ளத்தில் அதன் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக எத்தனையோ வெள்ளங்களைத் தாங்கி நின்ற கல் அது. உரிய காலத்தில் பேணியிருந்தால் இன்னும் நின்றிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி அருவியைவிட்டுச் சற்றே கிழக்கே, கோலார் தங்கவயலுக்குச் செல்வோம். மின்சாரம் வேண்டும் என்ற தாகம் பிறந்த இடம் அதுதான்.

ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் இலண்டன் நிறுவனத்தார் 1880ஆம் ஆண்டு முதல் அங்கே சுரங்கங்களை நடத்தினர். தங்கம் கிடைத்தது, பாறையைத் தொடர்ந்து ஆழமாக வெட்டவேண்டியும் இருந்தது. கல்லை மேலே தூக்கவும், அதை இடித்துத் தூளாக்கவும், சுரங்கத்துள் சுரக்கும் நீரை இறைக்கவும், காற்றை அடக்கித் துளைப்பொறிகளுக்கு அனுப்பவும் ஓயாமல் விசை வேண்டும். அதற்கு நீராவிக் கொதிகலங்கள் விறகையும் நிலக்கரியையும் விழுங்கின. சுற்றுப்புறக் காடுகள் அடுப்புக்கு இரையாயின. நிலக்கரியோ ரயிலேறி வரவேண்டும், விலை மிகுதி. அச்சுரங்கங்களில் இறங்கியவர் யாவர்? வடஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த மக்கள். அவர்களுட் பெரும்பகுதியினர் தமிழர். அத்தமிழருள் பெரும்பாலோர் ஊரில் நிலமற்ற சேரி மக்கள்.

மைசூர் சமஸ்தானத்தின் திவானாக 1883ஆம் ஆண்டு முதல் 1901 வரை இருந்தவர் சர். கே. சேஷாத்ரி ஐயர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் 1845ஆம் ஆண்டில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர். 1868ஆம் ஆண்டில் மைசூர் அரசுப் பணிக்கு வந்தவர். பெங்களூரில் சேஷாத்ரிபுரம் என்று நாள்தோறும் பஸ்ஸில் கேட்கும் பெயர் இவருடையதே. கப்பன் பூங்காவில் செந்நிறச் சுவருடன் நிற்கும் நூலகக் கட்டடமும் இவர் நினைவாக எழுந்ததே. தங்கவயலுக்கு விசை வேண்டும்; சமஸ்தானத்திற்கு வருவாய் வேண்டும்; காவிரியோ யாருக்கும் பயன்படாமல் பாறையில் விழுந்து கொண்டிருக்கிறது. இம்மூன்றையும் ஒன்றாக முடிச்சிட்டுப் பார்த்த அரசியல் அறிவு திவானுடையது.

முடிச்சிடுவது எளிது. அருவிக்கும் தங்கவயலுக்கும் இடையே 92 மைல் தொலைவு இருந்ததே! அமெரிக்காவில் நயாகரா அருவியின் மின்சாரத்தை 26 மைல் தொலைவிலுள்ள பபலோ நகருக்கு 1896ஆம் ஆண்டில் கொண்டுசென்றபோது உலகமே வியந்தது. அதனினும் மூன்று பங்குக்கு மேற்பட்ட தொலைவு, காடும் குன்றும் நிறைந்த வழி, கம்பத்தைக் கரையான் அரிக்கும் மண். இதைச் செய்ய முடியும் என்று வாதாடியவர் மைசூரில் துணைத் தலைமைப் பொறியாளராக இருந்த கேப்டன் ஜோலி டி லொத்பினியேர். கனடா நாட்டுக் கியூபெக்கைச் சேர்ந்தவர். அவருடைய தந்தையார் கியூபெக் மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். திவான் இவரை 1899ஆம் ஆண்டில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பினார். மின்பொறிகளை நியூயார்க் மாநிலத்து ஸ்கெனெக்டடி நகரிலுள்ள ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியும், நீர்ச் சுழலிகளைச் சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரத்து எஷர் வைஸ் கம்பெனியும் செய்து தந்தன. சுரங்கக் கம்பெனிகளோடு ஒப்பந்தமும் முடிந்தது. வாங்குவோர் கையெழுத்து இட்ட பிறகே கட்டத் தொடங்கியது சமஸ்தானத்தின் கெட்டிக்காரத்தனம்.

பொறிகள் கப்பலில் வந்து, ரயிலேறி, மத்தூர் நிலையத்தில் இறங்கின. அங்கிருந்து ஏறத்தாழ 30 மைல் தொலைவு மாட்டுவண்டிகளும் யானைகளும் இழுத்துச் சென்றன. மேற்குக் கிளையின் நீரை அருவிக்கு மேலேயே கால்வாயில் திருப்பி, செங்குத்தான மலைச்சரிவில் கிடத்திய இரும்புக் குழாய்களின் வழியே ஏறத்தாழ 400 அடி கீழே பாய்ச்சினார்கள். பிளஃப் என்று வழங்கும் அச்சரிவின் அடிவாரத்தில்தான் மின் நிலையம். அங்கே ஆறு சுழலிகள். ஒவ்வொன்றும் 720 கிலோவாட் மின்சாரம் தரவல்ல பொறியைச் சுழற்றும். ஆக மொத்தம் 4,320 கிலோவாட்.

இதன் உள்ளமைப்பை நினைத்துப் பார்த்தால் பழைய நீராலையே இங்கும் இருப்பது விளங்கும். நீர் விழுகிறது, சக்கரம் சுழல்கிறது. பாபநாசத்தில் அச்சக்கரத்தின் விசை தோல்வாரில் ஏறியது. வாரின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் விசையின் பயணம். இங்கோ சக்கரம் மின்னாக்கியைச் சுழற்றியது; மின்னழுத்தத்தை 30,000 முதல் 35,000 வோல்ட் வரை உயர்த்திக் கம்பியில் விட்டனர். அழுத்தம் உயர்ந்தால் கம்பியில் வீணாகும் ஆற்றல் குறையும். அதனாலேயே நெடுந்தொலைவுப் பயணம் கைகூடிற்று. தங்கவயலை அடைந்ததும் அழுத்தத்தைத் தாழ்த்தி இயந்திரங்களுக்குக் கொடுத்தனர். தோல்வாரின் இடத்தில் செம்புக் கம்பி வந்தது. அடிக் கணக்கு மைல் கணக்காயிற்று. இனி ஆலை அருவிக்குப் போகத் தேவையில்லை.

1902ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் காவிரியின் மின்சாரம் தங்கவயலை அடைந்தது. சேஷாத்ரி ஐயர் அதைக் காணவில்லை. 1901 மார்ச்சில் பணியிலிருந்து ஓய்வு பெற்று, அவ்வாண்டு செப்டம்பரிலேயே அவர் காலமாகிவிட்டார். லொத்பினியேர் பின்னர்க் காஷ்மீரத்தில் ஜீலம் ஆற்றின்மேல் மின் நிலையம் அமைக்கச் சென்றார்.

இவ்விடத்தில் ஒரு சொல். சிவசமுத்திரத்தைப் பற்றிப் பேசுவோர் இதுவே ஆசியாவில் முதல் நீர்மின் நிலையம், இதுவே உலகின் மிக நீண்ட மின்வழி, பெங்களூரே இந்தியாவில் முதன்முதல் மின்விளக்குக் கண்ட நகர் என்றெல்லாம் அடுக்குவது வழக்கம். டார்ஜிலிங்கை அடுத்த சித்ராபோங்கில் 1897ஆம் ஆண்டிலேயே சிறு நீர்மின் நிலையம் ஒன்று தொடங்கிவிட்டது. அதன் அளவு 130 கிலோவாட். கல்கத்தா நகரம் 1899ஆம் ஆண்டிலேயே மின்சாரம் பெற்றது. கலிபோர்னியாவில் 1901ஆம் ஆண்டில் அமைந்த மின்வழி 140 மைலுக்கு மேற்பட்டது. முதன்மைப் பட்டத்தை யாருக்குச் சூட்டுவது என்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. இந்திய சமஸ்தானம் ஒன்று தன் பணத்தில், தன் ஆற்றைக்கொண்டு, பெருந்தொழில் ஒன்றை 92 மைல் தொலைவிலிருந்து இயக்கியது என்பதே போதிய பெருமை. அதற்குப் பொய்யான அணிகலன் வேண்டியதில்லை.

பெங்களூருக்கு மின்சாரம் வந்தது அதன் பிறகு, 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில். தெருவிளக்கு எரிந்த காட்சியைப் பலரும் வியந்து பேசியிருக்கின்றனர். நிலைத்த பயன் விளக்கில் மட்டும் இருந்ததன்று. பெங்களூரில் பெரிய நூற்பாலைகள் முன்னரே உண்டு. பின்னி கம்பெனியாரின் ஆலை 1880களில் தோன்றியது. அவற்றுக்குக் கொதிகலம் வைக்க வசதி இருந்தது. ஒரு சிறு மாவு ஆலைக்கோ, தச்சுப் பட்டறைக்கோ, அச்சுக்கூடத்திற்கோ கொதிகலம் கனவிலும் கூடாது. அத்தகையவர் வாசலுக்கு மின்மோட்டார் வந்தது. ஒரு குதிரைவலி, இரண்டு குதிரைவலி என்று அளந்து வாங்கிக்கொள்ளலாயிற்று. ஆற்றின் விசையைச் சில்லறையாக விற்க முடியும் என்பது பழைய நீராலைக்காரன் நினைத்தும் பாராதது. டாட்டா கல்விக்கழகம் என்று மக்கள் அழைக்கும் இந்திய விஞ்ஞானக் கழகம் 1911ஆம் ஆண்டில் பாடம் தொடங்கியபோது, முதல் துறைகளுள் ஒன்றாக மின்தொழில்நுட்பம் அமைந்ததும் இச்சூழலில்தான். இந்நகரில் இயந்திரத் தொழிலும் விமானத் தொழிலும் பெருகி, நம்மவர் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்ததற்கு அடிப்படையை ஆராய்ந்தால் ஒரு நுனி சிவசமுத்திரத்தில் போய் முடியும். தமிழ்நாட்டிலும் இதே கதை சற்றுப் பின்னர் நிகழ்ந்தது: 1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா மின்சாரம் இறங்கிவந்த பிறகே கோயமுத்தூரில் ஆலைகள் மளமளவென்று எழுந்தன.

ஆயினும் இவ்வரலாற்றை ஒளிமயமாகவே சொல்லிச் செல்வது நேர்மையாகாது. மின்சாரம் தங்கவயலின் பொறிகளுக்கு 1902ஆம் ஆண்டில் வந்தது. பொறியருகே நின்றவரின் குடியிருப்புக்கு வந்ததா? மூங்கில் தட்டியாலும் தகரத்தாலும் ஆன குடிசைகளே அவர்களுக்கு வீடு. நெடுங்காலம் அவற்றில் எண்ணெய் விளக்கே எரிந்தது. ஐரோப்பிய அதிகாரிகளின் பங்களாக்களும் சங்கங்களும் இரவைப் பகலாக்கிய அதே ஊரில்தான் இது. மற்றொன்றும் உண்டு. விசை மலிந்ததால் சுரங்கம் ஆழமாயிற்று. சாம்பியன் ரீப் சுரங்கம் இறுதியில் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அவ்வாழத்தில் பாறை சூடானது; மேலேயுள்ள மலையின் எடை தாங்காமல் திடீரென வெடிப்பதும் உண்டு. காவிரியின் விசை அம்மக்களை இறக்கிய ஆழம் அது. 1930ஆம் ஆண்டில், தொழிலாளர் ஒவ்வொருவரின் கைரேகையையும் பதிவு செய்யவேண்டும் என்ற ஆணையை எதிர்த்து அவர்கள் ஒன்றுபட்டு வேலைநிறுத்தம் செய்தது தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. நீர்மின்சாரத்தின் வரலாற்றை எழுதுவோர் இதை வேறு புத்தகத்துக்குரியது என்று ஒதுக்கிவிடுகின்றனர். இரண்டும் ஒரே கம்பியின் இரு முனைகள்.

இனி, பெங்களூரில் வாழும் தமிழர் காவிரி என்ற சொல்லைச் சற்றே குரல் தாழ்த்திச் சொல்ல நேரும் காலங்களும் உண்டு. அதைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லாமல் விடுவதற்கில்லை. சக்கரத்தைச் சுழற்றிய நீர் செலவாவதில்லை. மேலே கால்வாயில் புகுந்தது கீழே மீண்டும் ஆற்றையே சேருகிறது. மேட்டூருக்கும் தஞ்சைக்கும் அதே நீரே போகிறது. 1902ஆம் ஆண்டில் மைசூர் பெற்றது காவிரியின் வீழ்ச்சியை மட்டுமே, நீரைப் பெறவில்லை. சிக்கல் வேறு வழியில் வந்தது. கோடையில் ஆறு மெலிந்தது. சக்கரங்களுக்கு நீர் போதவில்லை. சுரங்கங்களோ ஆண்டு முழுவதும் மின்சாரம் கேட்டன. மழைக்கால நீரைத் தேக்கிக் கோடையில் விட ஓர் அணை வேண்டும். அந்நாளில் தலைமைப் பொறியாளராக இருந்த மோ. விசுவேசுவரையர் 1911ஆம் ஆண்டில் தொடங்கிய கிருஷ்ணராஜ சாகரத்திற்குப் பாசனத்தோடு இதுவும் ஒரு முதன்மைக் காரணம். அணை வந்ததும் கீழேயுள்ளோர்க்கு எப்போது எவ்வளவு நீர் என்ற கேள்வி எழுந்தது. சென்னையும் மைசூரும் வாதிட்டு 1924ஆம் ஆண்டில் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் பின்னரே நம் பக்கத்தில் மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டில் முடிந்தது. பிந்தைய வழக்குகளுக்கும் பூசல்களுக்கும் காரணம் பல. ஆனால் தொடக்கத்தில் இரு நாட்டுக்கும் பொதுவாக ஓடிய ஆறு, யாருக்கும் குறையாமல் ஒரு வேலை செய்துகொடுத்தது என்பதை இரு தரப்பாரும் நினைவில் வைப்பது நல்லது.

சிவசமுத்திர நிலையம் நூறாண்டைக் கடந்தது. அதன் ஆற்றல் காலப்போக்கில் 42 மெகாவாட்டாக வளர்ந்தது. 1940ஆம் ஆண்டில் அதன் அண்டையில் சிம்ஷா நிலையமும் சேர்ந்தது. இன்றைய பெங்களூரின் தேவைக்குமுன் இவையிரண்டும் துளி. எந்தச் சுரங்கத்துக்காக அது பிறந்ததோ அச்சுரங்கம் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நாள்தோறும் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். பாபநாசத்திலும் கோகாக்கிலும் உள்ள பழைய ஆலைகளைப் போலவே, சிவசமுத்திரத்துக் கால்வாயும் குழாய்களும் பொறிக்கூடமும் கோயில்களைப் போல் பாதுகாப்புக்கு உரிய பொருள்கள்தாம். மன்னர் கட்டிய கோட்டையைப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நாம், நம் பாட்டனார் பிழைப்புக்குக் காரணமான பொறியை அவர்களுக்குக் காட்டுவதில்லை.

1974ஆம் ஆண்டில் இன்னொரு மாற்றம் நிகழ்ந்தது. பெருகிய பெங்களூருக்கு ஏரிகளும் அர்க்காவதியும் போதாமற்போகவே, காவிரி நீரையே கொண்டுவந்தனர். நீர் எடுக்கும் இடம் சிவசமுத்திரத்தின் அருகிலேயே இருக்கிறது. அங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு, மூன்று கட்டங்களாக ராட்சதப் பம்புகள் அதை மேட்டு நிலத்திற்கு ஏற்றுகின்றன. அதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டு முன்பு நீரின்றி விசை மட்டும் ஏறிவந்த அதே மேட்டில், இப்போது நீர் ஏறிவருகிறது. அதனை ஏற்ற மின்சாரம் கம்பியின் வழியே காவிரிக்கரைக்கு இறங்கிப் போகிறது.

வாய்ப்புள்ள நேயர்கள் ஒருமுறை சென்று வாருங்கள். ஆடி ஆவணி மாதங்களில் கிருஷ்ணராஜ சாகரமும் கபினியும் நிரம்பி நீர் திறந்துவிடும் நாட்களில் சென்றால் ககனசுக்கி முழங்கும். சாரல் எதிர்க்கரை வரை நனைக்கும். கோடையில் சென்றால் கரும்பாறைகளும் அவற்றினிடையே மெல்லிய வெண்கோடுகளுமே தென்படும். அருவி எங்கே என்று குழந்தைகள் கேட்டால், எதிர்ச்சரிவில் இறங்கும் இரும்புக் குழாய்களைச் சுட்டிக் காட்டுங்கள். அருவி அங்கேதான் விழுந்துகொண்டிருக்கிறது.